எந்தப் படிப்பு, சித்தி?

பொங்கல் லீவில் அக்கா மகள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள். கூடவே அத்தான். அத்தான் கையில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு, அவள் கையில் ஒரு நீல ஃபைல். ஃபைலுக்குள் ஏழு படிப்புகளின் விவரம், பிரின்ட் எடுத்து மஞ்சள் கோடெல்லாம் போட்டு வைத்திருந்தாள். பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். மேற்கொண்டு கவுன்சிலிங் படிக்க வேண்டுமாம். அதிலும் குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசுகிற ஃபேமிலி தெரபிதான் வேண்டுமாம்.

"கவுன்சிலிங்குக்குத்தான் மூணு வருசத்துக்கு முன்னாலயே போமாட்டேன்னுட்டாளே, இப்ப எதுக்குப் புதுசா?" என்றார் அத்தான்.

அவர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் இன்ஜினியரிங் சீட்டு. இரண்டாவது அர்த்தம், புருசன் பெண்டாட்டி இருவரையும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "பிள்ளைகள நினைச்சு அனுசரிச்சுப் போங்க" என்று அனுப்பிவைப்பது. நான் செய்கிற வேலை அந்த வரிசையில் மூன்றாவதாகத்தான் வருகிறது.

"எந்தப் படிப்பு, சித்தி? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லுறதுல சேருதேன்."

இதுதான் எனக்குப் பயம். நான் சொல்லி அவள் சேர்ந்து, அது சரியில்லை என்றால் அடுத்த பத்துப் பொங்கலுக்கு அக்கா வீட்டில் எனக்குக் கரும்பு கிடைக்காது. அதனால் கல்லூரிப் பெயர் எதையும் சொல்லவில்லை. நான் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னேன், ஏமாந்ததிலிருந்து. ராத்திரி பதினோரு மணி ஆகிவிட்டது. அப்போது சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2012இல் நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு வருட டிப்ளமோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்று ஒரு நோட்டீஸ் வந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜின் மீட்டிங் ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்தோம். காலையில் பெரிய திரையில் படங்கள், மதியம் சாம்பார் சாதப் பொட்டலம், அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் கஷ்டப்படுகிற மாதிரி நடித்துக் காட்டுவது. வருடக் கடைசியில் கறுப்பு கவுன் போட்டு போட்டோ எடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் நிஜமான கஷ்டத்தோடு வந்த ஒரு ஆளிடம்கூட நான் பேசவில்லை. பேசியிருந்தாலும் பக்கத்தில் இருந்து கேட்க யாரும் இல்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. லேமினேட் செய்து ஹாலில் மாட்டினேன்.

சான்றிதழைப் பார்த்த தலைமையாசிரியை, லேப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தார். முதலில் வந்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) நன்றாகப் படித்தவன், ஜூலையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அப்பா மும்பையில், தாராவியில் ஒரு கடையில் வேலை. அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை பீடி சுற்றுகிறவர். ஆள் அனுப்பி அவனை வரவழைத்து, நாலு தடவை தனியாக உட்காரவைத்துப் பேசினேன். லட்சியம் பற்றிப் பேசினேன். கால அட்டவணை போட்டுக் கொடுத்தேன். நாலாவது தடவை, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் டீச்சர் என்றான். வரவில்லை. அரைப் பரீட்சைக்கு முன்னால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில், வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் முழுநேர எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி சேர்ந்தேன். கல்லூரிப் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுவோம். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் கணவரும் மாமியாரும் மகனைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு நாள் வகுப்பில், உங்களுக்குத் தோற்றுப்போனது என்று படுகிற ஒரு கேஸை எடுத்து வாருங்கள் என்றார்கள். அந்தப் பையனைப் பற்றிய நோட்டை எடுத்துப் போனேன். எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து மூன்றாவது சந்திப்பில் நிறுத்தினார். "இதை வாசிங்க" என்றார். வாசித்தேன். பையன் சொன்னது, என் கையெழுத்தில்: "நான் ஸ்கூலுக்கு வந்துட்டா வீட்ல அம்மா மட்டும் ஆச்சிகூட இருப்பாவ டீச்சர்." அதற்குக் கீழே நான் சொன்ன பதில்: "அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, உன் படிப்பைப் பார்."

"அம்மாவும் ஆச்சியும் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு அவன் பயந்தான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. "ஆச்சி எப்ப அந்த வீட்டுக்கு வந்தாங்க?" அதுவும் கேட்கவில்லை. அவன் வீட்டில் காவல் இருந்திருக்கிறான், நான் அவனுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சரி, இதற்கும் கல்லூரி தேர்ந்தெடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்டாள். லாட்ஜ் வகுப்பிலும் பாடம் இருந்தது, பாடப் புத்தகம் மோசமில்லை. அந்த நோட்டை வாங்கி வாசிக்க அங்கே ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம் அதுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

பெரியப்பா மகள் ஒருத்தி கலிஃபோர்னியாவில் இதே துறையில் இருக்கிறாள். அங்கே இது பழைய தொழில். 1963இலேயே குடும்ப ஆலோசகர்களுக்கு அந்த மாநிலம் உரிமம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முதுகலை முடித்தாலும் உடனே போர்டு மாட்ட முடியாது. மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் வேலை செய்து காட்டி, தேர்வும் எழுத வேண்டும். கவுன்சிலிங் முதுகலைப் படிப்புகளை அங்கே அங்கீகரிக்கும் கேக்ரெப் என்ற அமைப்பு, முதல் கட்டப் பயிற்சி 100 மணி நேரம், அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு, அப்புறம் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 நேரடியாக என்று எண்ணி வைத்திருக்கிறது. என்னிடம் இதைச் சொன்னபோது அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து எழுநூறு மணி நேரம்தான் ஆகியிருக்கிறதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. லாட்ஜ் ஹாலில் என் கணக்கு பூஜ்யம். டிரைவிங் லைசென்ஸுக்குக்கூட நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

நம் பக்கத்துச் சட்ட நிலவரத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இங்கேதான் பிள்ளைகள் நிறைய ஏமாறுகிறார்கள். எம்.எஸ்சி. கவுன்சிலிங் முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. முதுகலைக்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் வெகுகாலமாக அதற்கான வழியாக இருந்தது. எம்.ஃபில். என்ற பட்டத்தையே நிறுத்திய யு.ஜி.சி., கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோசியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தது. அந்த வழியில் போக நினைப்பவர்கள், சீனியர் சொன்னதை நம்பாமல் அந்தந்த வருடத்து ஆர்.சி.ஐ. அறிவிப்பைத் தாங்களே வாசிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் யார் யார் என்று சொல்லும் இடத்திலும் உளமருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், சைக்கியாட்ரிக் சோசியல் வொர்க்கர் எல்லாரும் உண்டு, வெறும் கவுன்சிலர் இல்லை. கவுன்சிலர் என்ற பெயருக்கு நெடுங்காலம் பூட்டே கிடையாது. அதனால்தான் ஜோசியம் பார்க்கிற இடத்திலும் அந்த போர்டு தொங்குகிறது.

இப்போது கொஞ்சம் மாறுகிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், சோசியல் வொர்க்கர் எல்லாரையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதைக் காட்டித்தான் 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி., அந்த ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி உள்ளிட்ட படிப்புகளைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்றது. அக்கா மகள் ஃபைலில் இருந்த ஏழில் மூன்று தொலைதூரப் படிப்பு. மூன்றையும் உருவித் தனியே வைத்தோம். அத்தான் முகம் வாடிவிட்டது. வீட்டில் இருந்துகொண்டே படிக்கலாம், இடையில் மாப்பிள்ளையும் பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

தொலைதூரப் படிப்பை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். வேலையில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு அது ஒன்றுதான் திறந்திருந்த கதவு. இந்தத் தடையால் நிஜமாகவே நஷ்டப்படுகிறவர்கள் தென்காசியிலும் வள்ளியூரிலும் இருக்கிறார்கள். ஆனால் இருபது வயதில், பொறுப்பு எதுவும் தலையில் இல்லாதபோது, ஆள் முன்னால் உட்கார்ந்து கற்கிற வாய்ப்பை விட வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன்.

மிச்சம் நாலு. அதில் ஒன்று எம்.எஸ்.டபிள்யூ., மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணிப் பிரிவு. அதை அவளே அரை மனதாகத்தான் வைத்திருந்தாள். "சோசியல் வொர்க்குன்னா ஊழியத்துக்குப் போற மாதிரில்ல இருக்கு?" என்றார் அத்தான். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஃபேமிலி தெரபிதான் வேண்டும் என்றால் அந்தக் காகிதத்தை முதலில் தூக்கிப் போடக் கூடாது. நம் நாட்டு மனநல மருத்துவமனைகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற வேலையில் பெரும்பங்கு சோசியல் வொர்க்கர்கள் கையில்தான் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சைக்காலஜி படித்தவர்களும் சோசியல் வொர்க் படித்தவர்களும் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சரித்திரம். ஃபேமிலி தெரபி அமெரிக்கச் சரக்கு என்றுதான் வகுப்பில் ஆரம்பிப்பார்கள். 1954 வாக்கில் மர்ரே போவன் என்ற மருத்துவர் வாஷிங்டன் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனையில், ஸ்கிட்சோஃப்ரீனியா வந்த பிள்ளைகளோடு அம்மாவையும் வார்டில் சேர்த்தார், அப்புறம் முழுக் குடும்பத்தையும் சேர்த்தார். அதே பத்தாண்டில் இங்கே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து, நோயாளியின் குடும்பத்தைக் கூடவே தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் மனநல மையம் தொடங்கியது, அங்கும் உறவினர் கூட இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் அது ஆராய்ச்சி. இங்கே ஆள் பற்றாக்குறையும் காரணம், வீட்டு ஆள் இல்லாமல் நம் ஊரில் யாரும் குணமாவதில்லை என்று தெரிந்திருந்ததும் காரணம். இந்த இரண்டு சரித்திரத்தையும் சொல்லித்தருகிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதே என்றேன். எதிர்ப்பக்கத்துச் சரித்திரமும் நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், நம் வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி, சங்கிலியில் கட்டிவைத்த 28 பேர் தீயில் கருகினார்கள். வீட்டால் பார்த்துக்கொள்ள முடியாமல் கொண்டுவிடப்பட்டவர்கள்தான் அவர்கள்.

அப்புறம் பாஷை. பெங்களூரு, மும்பைக் கல்லூரிகள் பெயர் பெற்றவை. கிறைஸ்டோ டிஸ்ஸோ கிடைத்தால் ஊரே மாலை போடும், போடட்டும், நல்ல இடங்கள்தான். ஆனால் பயிற்சி எந்த பாஷையில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் எங்களோடு படித்த ஒரு பிள்ளை, நம் பக்கத்திலிருந்து அங்கே குடிபோன ஒரு அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா, "ஒரு மாசமா மேலுக்குச் சரியில்ல" என்றிருக்கிறார். அவள் மாடி வீட்டில் ஏதோ தகராறு என்று எழுதிவிட்டாள். மேல் என்றால் உடம்பு என்று நெல்லைக்காரியான நான் சொல்ல வேண்டியிருந்தது. உடம்பு என்று தெரிந்தாலும் பாதிதான் தெரிந்த மாதிரி. நம் ஊர் அம்மாக்கள் மனசு சரியில்லாததையும் மேலுக்குச் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேஸ் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த வார்த்தை தலைவலி, கை கால் உளைச்சல் என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதை எடுக்க ஆள் இல்லை.

பாஷையைவிடச் சிக்கல் குடும்பப் படம். மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரையச் சொல்வார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு வளைந்து நெளிந்த கோடு. அமெரிக்கப் புத்தகத்தில் அது மரம் மாதிரி கீழ்நோக்கி அழகாக விரியும். நான் வரைந்த முதல் நெல்லைக் குடும்பம் மீன் வலை மாதிரி வந்தது. மாமியார் அப்பாவின் கூடப்பிறந்த அத்தை, கணவர் அத்தை மகன், நாத்தனாரைக் கட்டியிருப்பது சொந்த அண்ணன். இந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கிருந்து ஒருத்தி கிளம்பி இங்கே வந்தாக வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் ஒரு தம்பதியை மட்டும் தனியாக உட்காரவைத்துத் தீர்க்க என்ன இருக்கிறது? சால்வடோர் மினுச்சின் என்பவர் குடும்பத்துக்குள் ஆளுக்கு ஆள் எல்லை வேண்டும், எல்லை கலைந்தால் சிக்கல் என்றார். பெரிய ஆள், 1974இல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் பாடம். ஆனால் அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து சேரன்மகாதேவியில் ஒரு வீட்டில் வைத்தால் எல்லா வீடும் நோய்தான். அந்த அளவுகோலை எங்கே வளைக்கலாம், எங்கே வளைக்கவே கூடாது என்பதுதான் படிப்பு. நேர்காணலுக்குப் போகும்போது ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பார், அவர் முகத்தைப் பார் என்றேன்.

மாறாக, இத்தாலியில் மிலான் நகரத்து ஃபேமிலி தெரபிக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு வழி நம் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். உனக்கு என்ன கஷ்டம் என்று யாரிடமும் நேராகக் கேட்பதில்லை. "அம்மா அழும்போது ஆச்சி என்ன செய்வாவ?" என்று பேரனிடம் கேட்பது. "உங்க மருமகள் மனசுல என்ன இருக்கும்னு மகன் நினைக்கான்?" என்று மாமியாரிடம் கேட்பது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அடுத்தவரைப் பற்றி என்றால் அரை மணி நேரம் பேசுவார்கள். நம் திண்ணைகளில் நடப்பது இதுதானே.

புத்தகத்துக் குடும்பப் படத்தில் சாதிக்குக் குறியே கிடையாது. நம் மாவட்டத்தில் சாதியைத் தொடாமல் குடும்பத்தோடு வேலை செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறைத் தடுக்கச் சொன்னதோடு, 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நலன் அலுவலர் வேண்டும் என்றும் சொன்னது. அக்கா மகள் மாதிரிப் பிள்ளைகள் நாளை உட்காரப்போகும் நாற்காலி அது.

என்னிடம் வருடத்துக்கு நாலு குடும்பமாவது வரும். மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், "பிள்ளைக்குக் கவுன்சிலிங் குடுங்க" என்று கூட்டிவருவார்கள். மனசை மாற்றித் தாருங்கள் என்று அர்த்தம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் மனசை மாற்றித் தருவது என் வேலை இல்லை என்று அந்த அப்பா முன்னால், அவர் கூட்டிவந்த நாலு பேர் முன்னால், குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181க்கு எப்போது அடிப்பது, யாரிடம் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம் அந்த அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடாதபடி உட்காரவைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மணி நேரத்தில் செய்ய எந்தப் பாடத்திட்டத்திலும் தலைப்பு கிடையாது. தொழில் அறம் என்று ஒரு பேப்பர் இருக்கும், அதை யார் நடத்துகிறார், அவர் இப்போதும் ஆட்களைப் பார்க்கிறாரா என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

பத்தரை மணிக்கு மேல்தான் சொல்ல நினைத்ததற்கு வந்தேன்.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் பயிற்சிக்கு எனக்கு ஒரு தம்பதி. பன்னிரண்டு வருடத் திருமணம், ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேச்சு வார்த்தை இல்லை. அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, வாரா வாரம் மேற்பார்வையாளருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு அந்த சந்திப்பு பிரமாதமாகப் போனதாக நினைப்பு. பதினேழாவது நிமிடத்தில் அவர் நிறுத்தினார்.

"இதுல நீங்க யாரு?"

"கவுன்சிலர்."

"எனக்கு ஒரு பத்து வயசுப் புள்ளை பேசுற மாதிரி கேக்குது."

திரும்பப் போட்டார். அவர் சொல்ல வர்றது என்னன்னா என்று மனைவி பக்கம் திரும்பியிருக்கிறேன். அவங்க மனசுல என்ன இருக்குன்னா என்று கணவன் பக்கம் திரும்பியிருக்கிறேன். நாற்பது நிமிடமும் இப்படியே. அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசிக்கொள்ளவில்லை, பேச நான் இடம் கொடுக்கவே இல்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரு வயல் விற்ற விஷயத்தில் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அக்கா ஹாஸ்டலில் இருந்தாள், அதனால் தூது போகிற வேலை எனக்கு. இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம். "உங்கப்பாட்ட சொல்லு, தட்டு வச்சாச்சுன்னு." "உங்கம்மாட்ட கேளு, என் வேட்டி எங்கன்னு." நான் சொன்னதைச் சொன்னபடி சேர்க்கவும் மாட்டேன். "திங்கணும்னா வந்து திங்கச் சொல்லு" என்று அம்மா சொன்னால், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுதாவ" என்றுதான் போய்ச் சொல்வேன். ஒன்பது வயதில் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கு நடுவில் சூடு தாங்காதபோது மூன்றாவதாக ஒருத்தரை இழுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்று போவன் முக்கோணம் போட்டுக் காட்டியதை நான் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அது எங்கள் வீட்டு அடுப்படி என்று அந்த டேப்பைக் கேட்கும் வரை தெரியவில்லை.

அதற்கப்புறம் எட்டு மாதம் நானே இன்னொரு கவுன்சிலரிடம் போய் உட்கார்ந்தேன். எங்கள் படிப்பில் அது கட்டாயம். மாணவர்கள் நிறையப் பேருக்கு அந்த விதி பிடிக்காது, செலவு வேறு. நான் அந்த விதி இருக்கிற இடத்துக்குத்தான் என் ஓட்டைப் போடுவேன்.

இதைச் சொல்லி முடித்தபோது அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. ஃபைலின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் போய் நின்றுகொண்டார்.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. டீச்சராக வாங்கியதைத் தொட எனக்கு ஐந்து வருடம் ஆனது. வாரத்தில் மூன்று நாள் ஒரு மருத்துவமனை, சனிக்கிழமை ஒரு பள்ளி, மிச்ச நேரம் வீட்டு முன்னறை. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்வார்களே என்று அத்தான் கேட்டதற்கு, சொல்வார்கள் என்றுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் அவளே திண்ணையில் உட்கார்ந்து போன் போட்டாள். கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்: நாங்க பேசுற செஷனை யார் கேப்பாங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த பாஷையில. முதல் இடத்தில் ஆபீசில் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் சொன்னார். மூன்றாவது இடம் சென்னை. கிளார்க், இருங்கள் என்று ஒரு பேராசிரியையிடம் கொடுத்தார். இருபது நிமிடம் பேச்சு. நீங்கள் கேஸ் பேசுகிற வகுப்பில் நான் வந்து உட்காரலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். முடியாதும்மா, அதெல்லாம் வந்தவங்க நம்பிச் சொன்னது, வெளியாளை விட மாட்டோம், வேணும்னா வந்து சீனியர் பிள்ளைகளோட ஒரு நாள் பேசிட்டுப் போ என்றாராம். இவளுக்கு ஏமாற்றம். எனக்கு அந்த "முடியாது" ரொம்பப் பிடித்தது.

அத்தான் நெல்லை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டார். வெயிட்டிங் லிஸ்ட் 43, 44. கன்ஃபர்ம் ஆகுமா, ஹாஸ்டலில் மீன் போடுவார்களா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டே அம்பைக்கு போன் அடித்தார். அக்கா எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. போனை மகளிடம் நீட்டினார்.

"உங்கம்மாட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போறோம்னு."

அவள் வாங்கவில்லை. "லைன்லதான இருக்காவ, நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள்.